மலைப்பாம்பின் ஆடித் தள்ளுபடி

ஒரு காட்டில் ரேடியோ இல்லாத பொந்தே கிடையாது. சிரிக்காதீர்கள் குழந்தைகளே, உண்மையாகத்தான் சொல்கிறேன். மழை எந்தப் பக்கம் இறங்குகிறது, எந்த ஓடையில் தண்ணீர் வந்திருக்கிறது, எந்தச் சரிவில் நாவல் பழுத்திருக்கிறது என்றெல்லாம் அதில்தான் சொல்வார்கள். காலையில் ரேடியோ கேட்காமல் அங்கே ஒரு முயல்கூட வெளியே தலையை நீட்டாது.

அந்தக் காட்டில் ரேடியோ விற்க இரண்டே கடைகள். ஒன்று கரடி பூதலிங்கத்துடையது. மற்றது கீரி வடிவுடையது. இரண்டு கடைக்கும் ரேடியோ செய்து கொடுத்தவன் மரங்கொத்தி கொண்டையப்பன். பலாக்கட்டையில் பெட்டி செய்வான். ஒலி வெளியே வர அலகால் நாற்பது துளை கொத்துவான். உள்ளே கம்பி சுற்றி, பாடவைத்துப் பார்த்த பிறகுதான் கூடையில் ஏற்றுவான்.

பெட்டி ஒன்றுக்கு எண்பது புளியங்கொட்டை. புளியங்கொட்டைதான் அந்தக் காட்டுக் காசு. கடைக்காரர்கள் அதைத் தொண்ணூறுக்கு விற்பார்கள். கெட்டுப்போனால் ஒரு வருஷத்துக்குச் சும்மாவே பழுது பார்த்துக் கொடுப்பார்கள்.

கரடி ரோஷக்காரன். கீரி சாமர்த்தியக்காரி. மரங்கொத்தி உழைப்பாளி, அதைத் தவிர அவனுக்கு ஒன்றும் தெரியாது.

வடிவுக்கு மூன்று குட்டிகள். புருஷன் இல்லை. ஒரு பெட்டிக்குப் பத்துக் கொட்டை என்று வந்த லாபத்தில்தான் நாலு வயிறும் நிறைந்தன. கீரி வேட்டைக்குப் போனால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். கடை வைத்த பிறகு யார் வேட்டைக்குப் போகிறார்கள்? காலையில் போணி ஆகும்வரை அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். கடை ஒன்றுதான் அவளுக்குச் சொத்து, சோறு எல்லாம்.

ஆடி மாதம் முதல் தேதி, மலைக்கு அப்பாலிருந்து ஒரு மலைப்பாம்பு வந்து சேர்ந்தான். ஐம்பது கழுதைகள் மேல் ரேடியோப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்தான். சந்தைக்கு நடுவில் பெரிய பந்தல் போட்டு, மேலே ஒரு பலகையை மாட்டினான்.

"அள்ளிக்கோ அங்காடி. ஆடித் தள்ளுபடி! ரேடியோ நாற்பது கொட்டை. ஆளுக்கு ஒன்று மட்டும்."

நாற்பது! காடே பந்தலை நோக்கி ஓடியது. வீட்டில் நல்ல ரேடியோ பாடிக்கொண்டிருந்தவர்களும் இன்னொன்று இருக்கட்டுமே என்று ஓடினார்கள். குரங்குக்குப் பொந்தும் இல்லை, குகையும் இல்லை. அதுவும் ஒன்றை வாங்கிக் கிளையில் தொங்கவிட்டது.

கரடிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"வெளியூர்க்காரன் வந்து என்னை மிஞ்சுறதா? நானும் நாற்பதுதான்!" என்று தன் கடைப் பலகையை மாற்றி எழுதினான்.

"அண்ணே, எண்பதுக்கு வாங்கி நாற்பதுக்கு வித்தா கையைக் கடிக்குமே" என்றாள் வடிவு.

"கடிச்சா கடிக்கட்டும். அவனுக்கும்தானே கடிக்கும்? பத்தே நாள்ல மூட்டையைக் கட்டிருவான், பாரு."

மலைப்பாம்பு முப்பத்தைந்துக்கு இறங்கினான். கரடியும் இறங்கினான். பத்து நாள் ஆயிற்று, பதினைந்து நாள் ஆயிற்று. மலைப்பாம்பு மூட்டையைக் கட்டவில்லை. கரடி சேர்த்து வைத்திருந்த தேனடைகளை விற்றான். பிறகு கடைப் பெஞ்சை விற்றான். இருபதாம் நாள் கதவைச் சாத்திவிட்டு, "மச்சான் வீட்டுக்குப் போறேன் வடிவு. திரும்பி வருவேனான்னு தெரியல" என்று சொல்லிவிட்டுக் காட்டைவிட்டே போய்விட்டான்.

வடிவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் மனசுக்குள், 'ரோஷம் மட்டும் இருந்தா போதுமா? மூளை வேண்டாமா?' என்று நினைத்துக்கொண்டாள்.

கரடி போன மறுநாளே பந்தலில் முப்பத்தைந்து மறுபடியும் நாற்பது ஆனது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதுவரை ஒன்றிரண்டாவது விற்றுவந்த வடிவின் கடையில் மூன்று நாள் போணியே ஆகவில்லை. உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். குட்டிகள் பசியில் சிணுங்கின. அப்போது ஒரு முயல் நொண்டிக்கொண்டே வந்தது.

"அக்கா, விடிஞ்சதுலேர்ந்து பந்தல்ல வரிசையில நின்னேன். என் முறை வந்தப்போ தீர்ந்துபோச்சுன்னுட்டாங்க. கால் கடுக்குது. நீங்க ஒரு அம்பத்தஞ்சுக்குக் குடுத்தா இங்கேயே வாங்கிக்கிறேன்."

அந்த நிமிஷத்தில்தான் வடிவின் சாமர்த்தியம் விழித்துக்கொண்டது. 'அடி வடிவு! நாற்பதுக்கு அவன்கிட்டயே வாங்கி, வரிசையில நிக்க முடியாதவங்களுக்கு அம்பத்தஞ்சுக்கு வித்தா என்ன? பெட்டிக்குப் பதினஞ்சு நிக்கும். கொண்டையண்ணன்கிட்ட வாங்கினா பத்துதானே நிக்குது!'

அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. பாம்பை வெல்வது கீரிக் குலத்துக்குப் புதிதா என்ன?

மறுநாள் காலையில் வரிசையில் முதல் ஆளாக நின்று ஒரு ரேடியோ வாங்கினாள். போய்க் காதில் செம்பருத்திப் பூவைச் செருகிக்கொண்டு வந்து இன்னொன்று வாங்கினாள். தேக்கிலையை முக்காடு போட்டுக்கொண்டு வந்து மூன்றாவது வாங்கினாள். அடுத்த நாள் குட்டிகளையும் கூட்டி வந்தாள். அதோடு நின்றாளா? சின்னக் குட்டியை மூத்த குட்டியின் முதுகில் ஏற்றி, மேலே ஒரு வாழையிலையைப் போர்த்தி, "இது என் பெரியம்மா. ஊர்லேர்ந்து வந்திருக்காங்க" என்றாள்.

"பெரியம்மா சௌக்கியமா?" என்று கேட்டான் மலைப்பாம்பு. கண்ணை இமைக்காமல் ஒரு பெட்டியை எடுத்து நீட்டினான். பாம்புக்கு இமையே கிடையாது என்பது வேறு விஷயம்.

வாங்கி வந்த பெட்டிகளில் ஒட்டியிருந்த 'அள்ளிக்கோ' சீட்டைக் கிழித்துவிட்டு, 'வடிவு ரேடியோ' என்று சீட்டு ஒட்டினாள். ஐம்பத்தைந்துக்கு வைத்தாள். காலையில் பந்தலில் ஏமாந்தவர்கள் எல்லாம் மத்தியானம் அவள் கடைக்கு வந்தார்கள். குட்டிகள் வயிறார நத்தை தின்றன.

அந்த வாரம் கொண்டையப்பன் கூடையோடு வந்தான்.

"பத்துப் பெட்டி கொண்டாந்திருக்கேன் தாயி."

"இந்த வாரம் வேண்டாம்ணே. சரக்கு இருக்கு."

கொண்டையப்பன் அலமாரியைப் பார்த்தான். அங்கிருந்த ஒரு பெட்டியை அலகால் மெல்லத் தட்டினான்.

"இது நான் செஞ்சது இல்லையே. துளை முப்பத்திரண்டுதான் இருக்கு."

"வியாபாரம்ணே. தப்பா எடுத்துக்காதீங்க."

"தப்பா எடுக்கல தாயி. பூதலிங்கம் கடையும் இல்ல. நீயும் வேண்டாம்னா நான் யாருக்குக் கொத்துவேன்?"

"ஆடி போகட்டும்ணே. ஆடித் தள்ளுபடி ஆடியோட சரி. ஆவணி பொறந்தா நான் உங்ககிட்ட வராம எங்கே போவேன்?"

கொண்டையப்பன் தலையாட்டிவிட்டுப் போனான்.

ஆவணி பிறந்தது. பலகையில் 'ஆடித் தள்ளுபடி' என்ற இடத்தில் 'ஆவணித் தள்ளுபடி' என்று எழுதியிருந்தது. விலை அதே நாற்பது. கொண்டையப்பன் மறுபடி வந்தான்.

"ரெண்டு பெட்டியாவது எடுத்துக்கோ தாயி. எழுபதுக்கே தரேன்."

"எழுபதா? நாற்பதுக்குக் கிடைக்கிறப்போ எழுபது குடுத்தா நாலு பேர் என்னைப் பார்த்துச் சிரிக்க மாட்டாங்களா?"

புரட்டாசியில் 'புரட்டாசித் தள்ளுபடி' வந்தது. கொண்டையப்பன் அந்த மாதம் வந்தபோது கூடையைக் கீழே இறக்கிவைக்கவே இல்லை. வாசலில் நின்றபடியே கேட்டான்.

"அறுபது. எனக்கு அடக்கமே அறுபத்தஞ்சு ஆகுது. அறுபதுக்குத் தரேன்."

வடிவுக்கு எரிச்சல் வந்தது. "ஏன்ணே இப்படிக் கட்டுப்படியாகாம விக்கிறீங்க? பூதலிங்கம் அண்ணன் இப்படித்தானே கெட்டாரு? நீங்களாவது புத்தியோட நடந்துக்க வேண்டாமா?" என்று அவனுக்கே பாடம் நடத்தினாள்.

கொண்டையப்பன் கூடையோடு திரும்பிப் போனான். அதற்குப் பிறகு அவன் வரவே இல்லை. அவன் வரவில்லை என்பதே வடிவுக்கு உறைக்கவில்லை. அவள் சின்னக் குட்டிக்கு மீசை வரைந்து பந்தலுக்கு அனுப்புவதில் மும்முரமாக இருந்தாள்.

ஐப்பசி முதல் தேதி காலையில் வழக்கம்போல் வரிசையில் நின்றாள். முன்னால் நின்ற மான் பலகையைப் படித்துவிட்டு, "ஐயையோ!" என்றது. வடிவு எட்டிப் பார்த்தாள்.

"ரேடியோ இருநூறு கொட்டை. எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம்."

"நேத்து வரைக்கும் நாற்பதுதானே இருந்துச்சு?" என்று எல்லாரும் கத்தினார்கள்.

"நேத்தே வாங்கியிருக்கலாமே, செல்லங்களா" என்றான் மலைப்பாம்பு.

மழைக்காலம் வேறு தொடங்கிவிட்டது. நாற்பது கொட்டைப் பெட்டிகள் ஈரம் பட்டதும் ஒவ்வொன்றாக வாயை மூடிக்கொண்டன. பழுது பார்க்கப் பந்தலில் ஆளில்லை. ரேடியோ இல்லாமல் இருக்கவும் முடியாது, இருநூறு கொடுக்கவும் முடியாது. முயலும் மானும் தலையில் கை வைத்துக்கொண்டு திரும்பின.

வடிவுக்கு மட்டும் மனசு துள்ளியது. 'இனி நம்ம காலம்! கொண்டையண்ணன்கிட்ட எண்பதுக்கு வாங்கி நூறுக்குக் குடுப்போம். காடு மொத்தமும் நம்ம கடைக்குத்தான் வரும்.' கொட்டும் மழையில் நனைந்தபடி கொண்டையப்பனின் பட்டறைக்கு ஓடினாள்.

'டொக் டொக்' என்று சத்தம் கேட்டது. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு.

"கொண்டையண்ணே! இருபது பெட்டி போடுங்க. எண்பது என்ன, தொண்ணூறே தரேன்!"

அவன் திரும்பவில்லை. கொத்திக்கொண்டிருந்த துளையை முடித்துவிட்டு, "முப்பத்திரண்டு" என்று எண்ணி, பெட்டியை ஓரமாக வைத்தான். அதன்மேல் 'அள்ளிக்கோ' சீட்டு ஒட்டியிருந்தது.

"என்னண்ணே இது?"

"பட்டறை இப்போ முதலாளியோடது தாயி. புரட்டாசியில உன் வாசல்லேர்ந்து கூடையைத் தூக்கிட்டு நேரா அங்கேதான் போனேன். வேற எங்கே போக? முப்பத்திரண்டு துளையோட நிறுத்தச் சொல்லிட்டாங்க. வெளியே ஒரு பெட்டிகூட விக்கக் கூடாதுன்னு வாக்கு வாங்கியிருக்காங்க."

"ஒண்ணே ஒண்ணு... எனக்காக?"

"ஆடியில கேட்டிருந்தா ஆயிரம் செஞ்சிருப்பேனே."

அவன் குரலில் கோபமே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் அடுத்த பெட்டியை எடுத்து முதல் துளையைக் கொத்தத் தொடங்கினான்.

வடிவு அங்கிருந்து பந்தலுக்கு வந்தாள். உடம்பில் ஒவ்வொரு மயிரும் சிலிர்த்து நின்றது. கீரிக்குப் பாம்பைக் கண்டால் வரும் ஆத்திரம் அது. ஆனால் இந்தப் பாம்பின் ஒரு சுருள் அவள் கடையைவிடப் பெரியதாக இருந்தது.

"என்னை ஏமாத்திட்டே நீ!" என்று கத்தினாள்.

"நானா? நாற்பத்தேழு தடவை நீதானே என்னை ஏமாத்த வந்தே, வடிவு?"

"உனக்கு... தெரியுமா?"

"பாம்புக்கு நாக்குலதானே மோப்பம்? செம்பருத்தி வெச்சாலும், தேக்கிலை போர்த்தினாலும் கீரி வாசம் போயிடுமா? ஆனா உன் பெரியம்மாவை நான் ரொம்ப ரசிச்சேன்."

"தெரிஞ்சுமா குடுத்தே? உனக்கு நஷ்டம்தானே?"

"ஒரு பெட்டிக்கு முப்பது கொட்டை நஷ்டம். இருந்தா என்ன? நீ என்கிட்ட ஒரு பெட்டி வாங்கினா மரங்கொத்திகிட்ட ஒரு பெட்டி குறையும். கரடியை நான்தான் கஷ்டப்பட்டுத் துரத்தினேன். மரங்கொத்தி விஷயத்துல எனக்கு வேலையே இல்லாமப் பண்ணிட்டே. அவன் கூடையை மூணு தடவை திருப்பி அனுப்பினது யாரு?"

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது வடிவுக்கு அப்போதுதான் புரிந்தது. அதுவும் பெருமையாகச் சிரித்துக்கொண்டே போட்டுக்கொண்டாள்.

"மூணு மாசம் நஷ்டத்துலயே எப்படித் தாக்குப் பிடிச்சே?" என்று மட்டும் கேட்டாள்.

"நான் மலைப்பாம்பு. ஒரு தடவை விழுங்கினா ஆறு மாசம் பசிக்காது. மூணு காட்டை விழுங்கிட்டுத்தான் இங்கே வந்தேன். நீ எத்தனை நாள் பட்டினி கிடப்பே, வடிவு?"

வடிவிடம் ஆறு பெட்டிகள் மிச்சம் இருந்தன. ஆறும் ஒரு வாரத்தில் விற்றுத் தீர்ந்தன. எட்டாம் நாள் கடையில் விற்க ஒன்றும் இல்லை. பத்தாம் நாள் மூன்று குட்டிகளும் ஒரு நத்தையைப் பங்கு போட்டுக்கொண்டன. பதினோராம் நாள் நத்தையும் இல்லை. கடைசிக் குட்டி அழக்கூடத் தெம்பில்லாமல் படுத்துக் கிடந்தது.

பன்னிரண்டாம் நாள் வடிவு கடையைச் சாத்திவிட்டுப் பந்தலுக்குப் போனாள்.

"வேலை இருந்தா குடுங்க, முதலாளி" என்றாள்.

பாம்பைப் பார்த்து ஒரு கீரி முதலாளி என்றது. அந்தக் காட்டில் அதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அவர்களில் பாதிப் பேர் இருநூறு கொட்டை சேர்ப்பதற்காக அதற்குள் அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள். முயல் பெட்டி சுமந்தது. மான் பந்தலைப் பெருக்கியது. வடிவுக்கு வாசலில் நின்று "வாங்க, வாங்க" என்று கூப்பிடும் வேலை கிடைத்தது. நாளுக்கு மூன்று நத்தை கூலி. குட்டிக்கு ஒன்று. அவளுக்கு இல்லை.

தை மாதம் அணில் பவுனு வாசலுக்கு வந்தாள். துறுதுறுவென்று இருப்பவள். வடிவின் காதருகே வந்து மெல்லக் கேட்டாள்.

"அக்கா, இருநூறுக்கு யாரால வாங்க முடியுது? ஆத்துக்கு அந்தப் பக்கம் எங்க மாமா எண்பதுக்கு நல்ல பெட்டியா செய்யறாராம். கொண்டாந்து நூறுக்கு விக்கலாம்னு இருக்கேன். உங்க கடை சும்மாதானே கிடக்கு, அதை எனக்கு விடுறீங்களா?"

'போடு, பவுனு! இன்னைக்கே போடு!' என்று சொல்ல வடிவு வாயைத் திறந்தாள். நானும் வருகிறேன் என்றுகூடச் சொல்லியிருப்பாள். அதற்குள் அவள் பின்னாலிருந்து ஒரு நாக்கு நீண்டு, காற்றை ஒருமுறை நக்கிவிட்டு உள்ளே போனது.

"வடிவு" என்றான் மலைப்பாம்பு, உறக்கக் கலக்கத்தில் இருப்பவனைப் போல. "பலகையை மாத்து. நாற்பது."

வடிவு பவுனுவைப் பார்த்தாள். பிறகு வீட்டில் கிடக்கும் மூன்று குட்டிகளை நினைத்தாள். சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, இருநூறை அழித்துவிட்டு நாற்பது என்று எழுதினாள். பவுனுவிடம் கண்ணாலாவது ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று திரும்பினாள்.

பவுனு பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நாற்பதா! இவ்வளவு மலிவா இங்கேயே கிடைக்கிறப்போ நான் எதுக்கு ஆத்தைத் தாண்டி அலையணும்? எனக்கு ஒண்ணு குடுங்கக்கா. எங்க மாமாவுக்கும் ஒண்ணு."

வடிவு இரண்டு பெட்டிகளை எடுத்துக் கொடுத்தாள். ஒரு வாரம் கழித்து ஒரு காலையில் வந்து, பலகையில் மறுபடியும் இருநூறு என்று எழுதினாள்.

நீதி: அடக்க விலைக்கும் கீழே கொடுக்கிறவன், மிச்ச விலையைப் பின்னால் வட்டியோடு வாங்காமல் விடமாட்டான்.